நெடுந்தீவில் பக்கி ஓடலாமா?

கேள்வி இதுதான்: ரொறன்ரோவில் இருக்கும் அக்கா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்காக ஓகஸ்டில் வருகிறது. பெறாமக்கள் இருவர், ஒருவருக்குப் பதினான்கு வயது, மற்றவருக்குப் பதினேழு. போன குளிர்காலத்தில் டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவுக்குப் போய், வழிகாட்டியோடு பக்கி என்ற திறந்த நாலு சக்கர வண்டியை மண்பாதையில் ஓடி, சேறும் புழுதியுமாகத் திரும்பிய நாளிலிருந்து அதே பேச்சாம். யாழ்ப்பாணத்திலும் நெடுந்தீவு என்று ஒரு தீவு இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை, மணற்காட்டில் மணல்மேடு வேறு இருக்கிறது. அங்கே எங்காவது பக்கி ஓட ஒழுங்கு செய்யலாமா, அம்மாவையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தீவுப் பக்கம் கூட்டிப் போவது எனக்குப் பழகிப்போன வேலை. இந்தக் கேள்வியும் பழகியதுதான். நெடுந்தீவிலும் மணற்காட்டிலும் பக்கி ஓட ஒழுங்கு செய்யாதீர்கள். யாராவது வண்டியைக் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன் என்று முன்வந்தாலும் வேண்டாம். பதிலாக, நெடுந்தீவுக்காரர் ஒருவரின் பிக்கப்பை வாடகைக்குப் பிடித்து, அவரையே சாரதியாகவும் வழிகாட்டியாகவும் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சுற்றுங்கள். பிள்ளைகள் கேட்பதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் அங்கே ஓடியது என்ன வண்டி என்று முதலில் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஹாண்டிலைத் திருப்பும் நாலு சக்கர வண்டி குவாட். பக்கி வேறு. அதில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஸ்டியரிங் உண்டு, காலால் மிதிக்கும் பெடல் உண்டு, தலைக்கு மேலே இரும்புக் குழாயால் ஆன கூடு உண்டு. கியர் மாற்றும் வேலை இல்லை. ஒரு ரப்பர் பெல்ட்டே வேகத்துக்கு ஏற்றபடி இழுவையை மாற்றிக் கொடுக்கும். அதனால் கார் ஓடத் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வண்டி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், அகலமோ குறைவு. வேகமாக வளைத்தால் சரிந்துவிடும். சரியும்போது கையை வெளியே நீட்டித் தரையில் ஊன்றப் பார்ப்பது மனித இயல்பு. கை நசுங்குவது அப்படித்தான். இருக்கைப் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக் கையை உள்ளே வைத்திருந்தால் அந்தக் கூடு ஆளைக் காப்பாற்றும்.

இந்தச் சுற்றுலாவில் வண்டியை விட முக்கியம் முன்னால் போகிற ஆள். வழிகாட்டி ஒரு தடத்தைப் பிடித்துப் போவார்; மற்ற வண்டிகள் அதே தடத்தில், முன்வண்டியின் புழுதி கொஞ்சம் அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போக வேண்டும். பள்ளம் வந்தால் கையைத் தூக்குவார், பின்னால் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். எங்கே மிதிக்கலாம், எங்கே மெதுவாகப் போக வேண்டும், எந்தத் தோட்டக்காரர் தன் காணிக்குள்ளால் போக விடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புண்டா கானாச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகளில் ஓடி, சுண்ணாம்புக் குகைக்குள் இருக்கும் நன்னீர்க் குளத்தில் ஒரு முழுக்குப் போட்டு, கோப்பியும் கொக்கோவும் ருசி பார்க்க ஓரிடத்தில் நிறுத்தி, மக்காவோ கடற்கரையில் போய் நிற்கும். எல்லாம் வண்டி ஓடி ஓடித் தேய்ந்த வழக்கமான தடங்கள். புது நிலத்தைக் கிழித்துக்கொண்டு போவதில்லை.

இடமும் பெரியது. டொமினிக்கன் குடியரசும் ஹெய்ட்டியும் பங்கு போட்டிருக்கும் ஹிஸ்பானியோலாத் தீவு ஏறத்தாழ 76,000 சதுர கிலோமீட்டர். நெடுந்தீவு ஏறத்தாழ 50. அந்தத் தீவுக்குள் ஆயிரத்து ஐந்நூறு நெடுந்தீவுகளை வைக்கலாம். அங்கே நாற்பது பக்கி ஓடினாலும் இரண்டு ஊர் தள்ளி இருப்பவருக்குத் தெரியாது. நெடுந்தீவில் ஒரு மோட்டார் சைக்கிளின் சைலன்சர் உடைந்தாலே யாருடையது என்று ஊர் சொல்லிவிடும்.

சரி, நிலத்துக்கு வருவோம். நெடுந்தீவு முழுக்க முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான். மேலே மண் என்பது மெல்லிய போர்வை. பல இடங்களில் அதுவும் கிடையாது. இங்கே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மாரியில் பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. கிணறுகளில் வருவது அந்த நீர். அதிலும் பல கிணறுகள் உவர். மேலே என்ன ஊற்றினாலும் இந்தக் கல் வடிகட்டாமல் கீழே அனுப்பிவிடும். கிணற்றில் எண்ணெய் கலந்தால் என்ன பாடு என்று, அதை அனுபவித்த சுன்னாகத்துக்காரரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லுவார்கள். கல்லில் அடிபட்டு எண்ணெய்த் தட்டு உடைந்த ஒரு வண்டி இங்கே என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கல்வேலிகள். தீவுக்குள் போனதும் கண்ணில் படுவது அதுதான்: சாந்து, சீமெந்து எதுவும் இல்லாமல், முருகைக்கல்லைக் கையால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை, எல்லாம் அப்படித்தான். மாடு உள்ளே வராமலும் காற்று பயிரை அடிக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு சக்கரம் உரசினால் இரண்டு பாகம் நீளத்துக்கு வேலி சரிந்துவிடும். திருப்பி அடுக்கத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டு போகின்றன, ஏனென்றால் அடுக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் பலர் உங்கள் அக்கா இருக்கும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

குதிரைகளைப் பற்றி இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தெற்கு, மேற்குப் பக்கத்து வெளிகளில் கட்டாக்காலிக் குதிரைகள் திரிகின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவற்றின் வழி வந்தவை என்பார்கள். ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினார்கள். டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரைத் தீவுக்கு வைத்தவர்களும் அவர்களே. பிரித்தானியர் காலத்தில், 1811 முதல் 1824 வரை, நோலன் என்ற லெப்டினன்ட் தீவை நிருவகித்துக் குதிரை வளர்ப்பைக் கவனித்தார். குதிரை வாங்க ஆள் இல்லாமல் போன காலத்தில் அவை அவிழ்த்து விடப்பட்டு, தானாகவே பெருகிவிட்டன. ஓகஸ்ட் மாதம் இந்தக் குதிரைகளுக்குச் சோதனைக் காலம். புல் காய்ந்திருக்கும், குட்டைகள் வற்றியிருக்கும். கடும் வறட்சி ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்திருக்கின்றன. கிடைக்கிற கொஞ்ச நீரைச் சுற்றி அவை நிற்கும் நேரத்தில் இரைச்சலோடு வண்டி போனால் என்ன நடக்கும்? ஓடும். குட்டியும் கூட ஓடும். ஒருமுறை ஓடினால் திரும்பி நீருக்கு வர வெயில் தாழ வேண்டும். காணொளியில் குதிரைகள் புழுதி கிளப்பி ஓடுவது அழகாகத்தான் இருக்கிறது. எடுத்தவர் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

சட்டமும் இருக்கிறது. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான விதி. வில்பத்துவிலும் யாலவிலும் ஜீப்காரர்களுக்கு இருப்பது இங்கேயும் இருக்கிறது.

மணற்காட்டைக் கேட்டீர்கள். வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறையைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் வரும். மணல்மேடு, சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி அமிழ்ந்த பழைய தேவாலயம், பக்கத்திலேயே சேமக்காலை, அதாவது கிறிஸ்தவர்களின் இடுகாடு. பார்ப்பதற்குப் பக்கி விளம்பரத்துக்கென்றே செய்த இடம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாங்கள் சொல்லும் அதே அடம்பன். மேற்பார்வைக்கு நாலு இலை. கீழே வேர் மணலை வலை போட்டுப் பிடித்திருக்கும். அகலச் சக்கரம் நாலு தரம் ஏறி இறங்கினால் கொடி அறுந்துவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் அந்த இடத்து மணல் எழுந்து பறக்கும். ஏற்கனவே களவாக மணல் அள்ளிப் பல இடங்களில் மேடு பள்ளமாகிவிட்டது. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஏறிய கரை அது. மணல்மேடு கடலுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு என்று அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சேமக்காலைக்குப் பக்கத்தில் இரைச்சலோடு ஓடுவது சரியா என்ற கேள்வி வேறு இருக்கிறது. நடந்து ஏறுங்கள், மாலை நாலரைக்குப் பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு.

இன்னொன்றையும் கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும். மணற்காட்டிலிருந்து இன்னும் தெற்கே நாகர்கோவில், அப்படியே உள்ளே முகமாலைப் பக்கம் எல்லாம் போர்முனையாக இருந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும், ஆட்கள் போய் வரும் தடத்தை விட்டு விலகாமல் இருப்பதே இந்தப் பக்கத்துப் பழக்கம். வேறு நாட்டில் பாதையை விட்டு இறங்குவது ஒரு விளையாட்டு. இங்கே அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்கள் வயதுக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது? யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை போகும். வானில் வந்தால் ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகு நேரம் காற்றையும் பழுதையும் பொறுத்து மாறும், அதனால் முதல் நாள் மாலையிலேயே யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்துங்கள். காலையில் போகும் முதல் படகைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்ததுக்கு நின்றால் தீவில் இருப்பதற்குக் கொஞ்ச நேரமே மிஞ்சும்.

ஓகஸ்ட் சோளகக் காலம். நயினாதீவைக் கடக்கும் வரை கடல் சாதுவாக இருக்கும். அதற்கு அப்பால் படகு ஆடும். பக்கியில் குலுங்கப் போகிறோம் என்று வருகிற பிள்ளைகளுக்கு அந்த முக்கால் மணி நேரத்திலேயே ஆசை தீர்ந்துவிடலாம். படகின் உள்ளே கீழே உட்கார்ந்தால் இயந்திரச் சூடும் மணமும் சேர்ந்து தலை சுற்றும். இடம் கிடைத்தால் பின்பக்கம் காற்றுப் படும்படி இருங்கள். காலையில் புட்டை நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரரும் பிக்கப்காரரும் நிற்பார்கள். இருவர் என்றால் ஓட்டோ நல்லது. நீங்கள் ஆறேழு பேர், அதனால் பிக்கப். பேரத்தை ஏறுவதற்கு முன்பே முடியுங்கள்: ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் பேசாமல் வண்டிக்கு எவ்வளவு என்று பேசுங்கள், எந்தெந்த இடம், காத்திருக்கும் நேரம் உட்படவா என்று தெளிவாகக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டையும் அப்போதே சொல்லி வைத்தால் மீனோ நண்டோ வாங்கிச் சமைத்து வைப்பார்கள். சொல்லாமல் போனால் பணிஸும் பிளேன்ரீயும்தான். வண்டியைப் பிள்ளைகளிடம் ஓடக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கனடா லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட முடியாது, அதற்கு இங்கே தனியாக அனுமதி எடுக்க வேண்டும். தீவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது பதில் ஆகாது.

பிக்கப்பின் பின்பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கப் போகும் பகுதி. சில பாதைகள் கொங்கிறீட், சில கிறவல், மிச்சம் வெறும் கல். கல்பாதையில் வண்டி மணிக்கு பதினைந்து கிலோமீட்டர் போனாலே எலும்பு எண்ணிவிடலாம். உட்கார்ந்தபடி போகச் சொல்லுங்கள். நின்றுகொண்டு படம் எடுப்பது வேண்டாம், பனைமட்டை முகத்தில் அடிக்கும். தொப்பி காற்றில் போய்விடும், அதனால் துவாய் ஒன்றைத் தலையில் கட்டுவது நல்லது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போங்கள். தீவுச் சனம் குடிக்க வைத்திருக்கும் நீரில் நாங்கள் பங்கு கேட்கக் கூடாது.

எந்த இடம் முதல் என்பதைச் சாரதியிடமே விடுங்கள். அவருக்கு வெயில் தெரியும். பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கும் முருகைக்கல் கோட்டையில் தொடங்குவார். கூரை இல்லை, சுவர் பாதி இல்லை, ஆனால் அந்தச் சுவரில் கை வைத்தால் சிப்பியும் பவளமும் தனித்தனியாகத் தெரியும். பதினான்கு வயதுக்காரருக்கு அது பிடிக்கும். ஒல்லாந்தர் தூதுப் புறா வளர்த்ததாகச் சொல்லும் புறாக்கூடு, வளரும் கல், பாறையில் பெரிய பாத அடையாளம் எல்லாம் ஐந்தைந்து நிமிட இடங்கள். வளரும் கல் எவ்வளவு வளர்ந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். பெருக்குமரத்தில் மட்டும் நிறையவே நில்லுங்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். அடிமரத்தில் ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது. உள்ளே போனால் வெளியே அடிக்கும் வெயில் ஒரே அடியாகக் குறைந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் தெற்கு வெளி. குவிந்தா கோபுரத்துக்குப் போகிற பாதை இந்தப் பயணத்திலேயே பக்கிச் சுற்றுலாவுக்கு மிகக் கிட்டியது: பனை குறையும், வேலி முடியும், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் காய்ந்த புல்லும் கல்லும், நடுவில் இரண்டு சக்கரத் தடம். குதிரைகள் தெரிந்தால் சாரதி தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் நீங்கள் சொல்லி நிறுத்துங்கள். இறங்கி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக நடந்தால் நல்ல கிட்டத்தில் பார்க்கலாம். பிஸ்கட் கொடுக்க வேண்டாம். சாராப்பிட்டிப் பக்கம் குதிரைகளுக்காகக் கட்டிய பழைய கிணறுகளையும் காட்டச் சொல்லுங்கள். மேற்கே வெடியரசன் கோட்டை என்று அழைக்கப்படும் இடிபாடு. அது என்ன, யாருடையது என்பதில் பழைய சண்டை உண்டு; சாரதி ஒரு கதை சொல்லுவார், அதையும் கேளுங்கள்.

திரும்பி வந்து படகுக்கு நிற்கும்போது, துறைக்குப் பக்கத்தில் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15. தீவிலிருந்து போன சாதாரணப் பயணிகள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. பதினேழு வயதுக்காரருக்கு அதை அக்காவே சொல்லுவது நல்லது. வழிகாட்டி சொல்லிக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை அது.

இவ்வளவும் கேட்ட பிறகும் பக்கிதான் வேண்டும் என்றால், அடுத்த குளிர்காலத்தில் புண்டா கானாவிலேயே ஓடட்டும். அப்போது அக்கா கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு மூன்று உண்டு. வண்டி சேதமானால் யார் கட்டுவது, அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே வாசிக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி என்று கேட்க வேண்டும். வரிசையின் கடைசியிலும் ஒருவர் வருகிறாரா என்பதையும். சின்னவரின் கால் வண்டியின் அடித்தட்டில் படாவிட்டால், பெல்ட் தோளில் சரியாக உட்காராவிட்டால், வயது சரியாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. முதுகு வருத்தம் உள்ளவர் ஏறவே கூடாது. கண்ணாடியும் வாயை மூடத் துணியும் கட்டாயம். உடுப்பு, எறிந்துவிடத் தயாராக இருக்கும் உடுப்பு.

அம்மா விஷயம். அவருடைய வயதையோ முழங்காலையோ நீங்கள் எழுதவில்லை. படகில் ஏறி இறங்கும் இடத்தில் ஓர் ஆள் கை பிடிக்க வேண்டும், அலையிருந்தால் இருவர். பிக்கப்பில் அவருக்கு முன் இருக்கை. ஆனாலும் கல்பாதையில் நாலு மணி நேரம் என்பது எழுபதைத் தாண்டியவருக்கு அதிகம். என்னைக் கேட்டால், எல்லோரும் ஒன்றாகக் குறிகட்டுவான் வரை வாருங்கள். அக்காவோ நீங்களோ அம்மாவோடு நயினாதீவுப் படகில் ஏறுங்கள். இருபது நிமிடத்துக்குள் நாகபூசணி அம்மன் கோயில் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். பூசை பார்த்து, மத்தியானம் அன்னதானமும் சாப்பிட்டு, மண்டப நிழலில் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். நெடுந்தீவுப் படகு பின்னேரம் குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்து சேரும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்தால், அதற்கு அரை மணி முன்பு நயினாதீவிலிருந்து புறப்பட்டு எல்லோரும் குறிகட்டுவானில் சேர்ந்துகொள்ளலாம்.